ஷேல் எரிவாயு: ஆபத்து ஆழத்திலா, மேலேயா?

கேள்விக்குறி (இழையைத் தொடங்கியவர்)

ஷேல் எரிவாயு என்றாலே இரண்டு கட்சிதான். "நிலக்கரியை ஒழிக்கும் தூய எரிபொருள்" என்று ஒன்று, "நிலத்தடி நீர் நஞ்சாகும், பூமி ஆடும்" என்று இன்னொன்று. இரண்டு தரப்பும் எண்களைத் தொடுவதே இல்லை. ஒரு கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரசாயனம்? எந்தக் கட்டத்தில் எது பழுதானால் எந்தப் பாதிப்பு? நிலக்கரியை விட மேல் என்பது எந்தக் கணக்கில்? துறை தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது. கோஷங்கள் வேண்டாம்.

பாறைக்கண்

முதலில் பாறை. ஷேல் என்பது களிமண்ணும் வண்டலும் அழுந்தி இறுகிய மென்தகட்டுப் பாறை. வாயு அதற்குள்ளேயே உருவாகி அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. துளைகள் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று வழி இல்லை. ஊடுருவும் தன்மை நானோடார்சி அளவில்தான் (டார்சி என்பது ஊடுருவலின் அலகு; நானோடார்சி அதில் நூறு கோடியில் ஒரு பங்கு). சாதாரண மணற்பாறைத் தேக்கத்தோடு ஒப்பிட்டால் லட்சக்கணக்கான மடங்கு இறுக்கம். அதனால்தான் வெறும் துளை போட்டால் ஒன்றும் வராது, பாறையை உடைத்தாக வேண்டும்.

டெக்சாஸின் பார்னெட் படுகையில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1990களின் கடைசியில் கெட்டியான ஜெல்லைக் கைவிட்டு, வழுக்கும் திரவம் கலந்த மெல்லிய நீருக்கு மாறியது. அதோடு கிடைமட்டத் துளையிடலும் சேர்ந்தபோதுதான் தொழில் லாபத்துக்கு வந்தது.

இன்று வழக்கமான ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். 2 கிலோமீட்டர் கீழே போய், அங்கிருந்து 2.5 கிலோமீட்டர் கிடையாக. அந்தக் கிடைப் பகுதியை சுமார் 55 மீட்டர் வீதம் 45 கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிளக் வைத்து முந்தைய கட்டத்தை அடைத்து, வெடிமருந்தால் குழாயில் துளையிட்டு, பாறை விரிசல் விடும்படி அழுத்தத்தோடு நீரை ஏற்றுவார்கள். இதைத்தான் ஃபிராக்கிங் என்கிறார்கள். கட்டத்துக்கு 1,000 கன மீட்டர் நீர், 150 டன் மணல். நிமிடத்துக்கு 14 கன மீட்டர் வேகத்தில் ஏற்றினால் ஒரு கட்டம் முடிய 70 நிமிடம் சொச்சம். கிணறு முழுவதற்கும் 45,000 கன மீட்டர் நீர், 6,750 டன் மணல். பழைய கிணறுகளில் இதில் பாதிகூட இருக்காது.

மணல் எதற்கு என்றால், அழுத்தத்தை எடுத்ததும் விரிசல் மூடிக்கொள்ளும். மணல் மணி முட்டுக் கொடுத்து நிற்கும்.

கேள்விக்குறி

அப்படியானால் அந்த விரிசல் மேலே வளர்ந்து குடிநீர்ப் படுகையைத் தொடுமா? எல்லோரும் பயப்படுவது இதற்குத்தானே.

பாறைக்கண்

பெரும்பாலும் தொடாது. ஷேல் படுகைகளில் நுண்ணதிர்வு அளவிகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான விரிசல்களின் உயரத்தை அளந்திருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த தொகுப்பில் மிக உயரமானது 588 மீட்டர். பெரும்பாலானவை 100 மீட்டரைச் சுற்றித்தான். குடிநீர்ப் படுகை மேலே 100, 200 மீட்டர் ஆழத்தில். இடையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை.

ஆனால் "பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வயோமிங்கின் பவிலியனில் சுமார் 372 மீட்டர் ஆழத்திலேயே விரிசல் செய்தார்கள். அங்கே குடிநீருக்கும் வாயுவுக்கும் நடுவில் தடுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அது ஷேலும் அல்ல, மணற்பாறை. ஆக ஆழத்தைக் கேட்காமல் "ஃபிராக்கிங் பாதுகாப்பானதா" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. பக்கத்தில் மூடாமல் விட்ட பழைய கிணறு இருந்தாலும் கணக்கு மாறிவிடும். அது நேராக மேலே போக ஒரு புகைபோக்கி.

சிமென்ட்காரர்

பாறைக்கண் அண்ணன் சொன்னதைத் தொடர்கிறேன். வாயு மேலே வருவது பாறை வழியாக அல்ல, நாம் போட்ட துளை வழியாக. குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் இரண்டு அங்குல சிமென்ட் வளையம்தான் மொத்தப் பாதுகாப்பும். இதைப் பற்றி யாரும் கோஷம் போடுவதில்லை, பார்க்க அவ்வளவு சுவாரசியமில்லாத விஷயம்.

கேசிங் எனப்படும் இந்தக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். மேலே கண்டக்டர் குழாய். அதற்குள் குடிநீர்ப் படுகையைத் தாண்டி இறங்கும் சர்ஃபேஸ் கேசிங். பிறகு இடைக் கேசிங். கடைசியில் ஷேல் வரை போகும் உற்பத்திக் கேசிங். சர்ஃபேஸ் கேசிங்குக்கு அடியிலிருந்து தரைமட்டம் வரை சிமென்ட் ஏறி வந்தே ஆக வேண்டும்.

எங்கே கெடுகிறது?

குழாய் துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குறுகிய பக்கத்தில் இருக்கும் துளையிடும் சேறு வெளியேறாது. சிமென்ட் அகன்ற பக்கமாகவே ஓடிவிடும். சேறு நின்ற இடம் பின்னாளில் காய்ந்து சுருங்கி வாயுவுக்கு வாய்க்கால் ஆகும். குழாயை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர்களைப் போதுமான எண்ணிக்கையில் போட வேண்டும். குழாய் நடுவில் நிற்கும் அளவு (சரியாக நடுவில் என்றால் 100, சுவரைத் தொட்டால் 0) 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது கைவிதி. செலவைக் குறைக்க முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

அடுத்தது சிமென்ட் இறுகும் நேரம். திரவமாக இருக்கும்போது அதன் எடை கீழே உள்ள வாயுவை அழுத்தி வைக்கும். ஜெல்லாக மாறத் தொடங்கியதும் அது குழாய்ச் சுவரையும் பாறையையும் பிடித்துத் தொங்கத் தொடங்குகிறது, அடிவரை அழுத்தம் போவதில்லை. ஆனால் வாயுவைத் தடுக்கும் அளவு இன்னும் கெட்டியாகவில்லை. இந்த இடைவெளியில் நுழையும் வாயு குமிழ் குமிழாகப் புழை போட்டுவிடும். பிறகு சிமென்ட் எவ்வளவு கெட்டியானாலும் அந்தப் புழை அப்படியே இருக்கும். பரிகாரம், இடைநிலை நேரம் குறைந்த கலவை, லேடெக்ஸ் போன்ற சேர்க்கைகள்.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. சிமென்ட் இறுகிய பிறகு குழாயை உள்ளிருந்து அழுத்தினால் குழாய் உப்பும், விட்டதும் சுருங்கும். சிமென்டுக்கும் குழாய்க்கும் நடுவில் முடியளவு இடைவெளி வந்துவிடும். ஆகவே சிமென்ட் திரவமாக இருக்கும்போதே சோதனையை முடித்துவிட வேண்டும். ஃபிராக்கிங்கின் 45 கட்டங்களும் இதே உப்பல் சுருங்கலை 45 தடவை செய்கின்றன, குளிர்ந்த நீரோடு சேர்த்து.

கிணற்றில் வாயு ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, கேசிங்குகளுக்கு நடுவில் உள்ள வால்வில் ஒரு அழுத்தமானி. அழுத்தத்தைத் திறந்துவிட்டு மூடி வையுங்கள். மறுபடி ஏறினால் கசிவு இருக்கிறது. ஏறாவிட்டால் நல்லது. பல இடங்களில் இதைப் படித்துப் பதிவு செய்யக்கூட ஆள் வைப்பதில்லை.

தேன்மதி

பென்சில்வேனியாவின் டிமாக் ஊரில் 2009இல் வீட்டுக் கிணறுகளில் மீத்தேன் வந்ததும் இந்த வழியில்தானே?

சிமென்ட்காரர்

ஆமாம் அக்கா. மாநிலக் கட்டுப்பாட்டுத் துறை அங்கே காரணமாகக் காட்டியது கிணறுகளின் கேசிங், சிமென்ட் குறைகளைத்தான். 2 கிலோமீட்டர் கீழே நடந்த விரிசலை அல்ல. தண்ணீர் கெட்டவருக்கு இந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம். "ஃபிராக்கிங்கால் நீர் கெட்டதே இல்லை" என்று நிறுவனங்கள் சொல்லும்போது இந்தச் சொல் விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள். பம்ப் ஓடும் அந்த சில நாட்களை மட்டும் ஃபிராக்கிங் என்று எண்ணினால் வாதம் ஜெயிக்கும்.

தேன்மதி

ரசாயனத்திலும் அதே விளையாட்டு உண்டு. "99.5 சதவீதம் நீரும் மணலும், அரை சதவீதம்தான் ரசாயனம்" என்பார்கள். மேலே சொன்ன 45,000 கன மீட்டரில் அரை சதவீதம் என்றால் 225 கன மீட்டர். 20 கன மீட்டர் டேங்கர் பதினொன்று நிறைய.

அதில் என்ன இருக்கும்: குழாயில் உராய்வைக் குறைக்க பாலிஅக்ரிலமைடு. நுண்ணுயிரைக் கொல்ல குளூட்டரால்டிஹைடு. துளை வாயைச் சுத்தம் செய்ய 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதோடு துருத் தடுப்பான், படிவுத் தடுப்பான். கலந்து நீர்த்த பிறகு எல்லாம் குறைந்த செறிவுதான். ஆபத்து கலப்பதற்கு முன்னால், செறிவாக டேங்கரிலும் பிளாஸ்டிக் தொட்டியிலும் நிற்கும்போது. ஹோஸ் பிடுங்கிக்கொண்டது, வால்வை மூட மறந்தது, லாரி கவிழ்ந்தது, இவைதான் வழக்கமான விபத்துகள். தளத்துக்கு அடியில் ஓட்டையில்லாத பாய், சுற்றிலும் மண் கரை, மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவுக்கு மேல் தாங்கும் தடுப்பு. இவை இருந்தால் சிந்தியது தளத்தோடு நிற்கும்.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், டீசல் கலந்ததைத் தவிர மற்ற ஃபிராக்கிங் திரவத்தைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்தல் விதிகளிலிருந்து விலக்கிவிட்டது. கிணறுகளில் ஏற்றும் ரசாயனங்களை வெளியிடும் ஃபிராக்ஃபோகஸ் பதிவேடு 2011இல் வந்த பிறகும் "வணிக ரகசியம்" என்று சில பொருள்களின் பெயர் மறைகிறது. பெயர் தெரியாத பொருளை நீரில் தேடவே முடியாது. ஆய்வகத்துக்கு எதைத் தேட வேண்டும் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

இன்னொன்று, பேசப்படாதது: மணல் தூசி. மணலை லாரியிலிருந்து ஊதி இறக்கும்போது கிளம்பும் சிலிக்கா, தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. 2012இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் இதற்காகவே எச்சரிக்கை விட்டன.

நீர்க்கணக்கு

தண்ணீர் செலவு பற்றி இரு பக்கமும் தவறாகப் பேசுகிறார்கள்.

45,000 கன மீட்டர் பெரிய எண் போலத் தெரியும். அந்தக் கிணறு வாழ்நாளில் 30 கோடி கன மீட்டர் வாயு தருவதாக வைத்துக்கொண்டால், நவீன மின்நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.03 லிட்டர்கூட வராது. அதே மின்நிலையம் குளிர்விப்பதற்கே யூனிட்டுக்கு 0.7 லிட்டர் போல ஆவியாக்குகிறது. நிலக்கரி நிலையம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆக மொத்தக் கணக்கில் வாயு தண்ணீரைச் சேமிக்கிறது.

ஆனால் அந்த 45,000 கன மீட்டர் வாழ்நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தேவைப்படுவதில்லை. நாளைக்கு 5 கட்டம் என்றால் தினமும் 5,000 கன மீட்டர், ஒன்பது நாள் தொடர்ந்து. வறண்ட மாதத்தில் சின்ன ஓடையில் இதை இறைத்தால் ஓடை காலி. ஆண்டு சராசரியைக் காட்டி அனுமதி வாங்குவது இதனால்தான் மோசடி. ஓட்டம் இன்ன அளவுக்குக் கீழே போனால் பம்பை நிறுத்து என்று அன்றன்றைய அளவில் எழுதிய அனுமதிதான் வேலை செய்யும்.

திரும்பி வரும் நீர் இதைவிடப் பெரிய தலைவலி. பென்சில்வேனியாவின் மார்செலஸ் ஷேல் படுகையில் ஏற்றியதில் ஒரு சிறு பங்குதான், பத்து சதவீதம் போல, முதல் சில வாரங்களில் திரும்புகிறது. அது ஏற்றிய நீரும் அல்ல. உப்பு லிட்டருக்கு 200 கிராமைத் தாண்டும்; கடல்நீரே 35தான். பேரியம், ஸ்ட்ரான்சியம், புரோமைடு, ரேடியம் எல்லாம் பாறையிலிருந்து கூடவே வரும்.

நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் விட்டால் உப்பு அப்படியே ஆற்றுக்குப் போகும், அங்கே உப்பை எடுக்கும் வசதியே கிடையாது. கீழே உள்ள குடிநீர் நிலையத்தில் குளோரின் கலக்கும்போது புரோமைடு சேர்ந்து, உடலுக்குக் கேடான டிரைஹாலோமீத்தேன் உண்டாகும். பென்சில்வேனியா 2011இல் இப்படி அனுப்புவதை நிறுத்தச் சொன்னது இதற்குத்தான். ஆவியாக்கிப் பிரிக்கலாம். ஆனால் 5,000 கன மீட்டரிலிருந்து 1,000 டன் உப்பு மிஞ்சும், அதைக் கொட்ட இடம் வேண்டும். அடுத்த கிணற்றில் மறுபடி பயன்படுத்துவதுதான் இருப்பதில் நல்ல வழி. அப்போதும் சல்பேட் உள்ள நீரோடு கலந்துவிடக் கூடாது. பேரியம் சல்பேட் படிந்து குழாயை அடைக்கும், ரேடியமும் அந்தப் படிவிலேயே சேர்ந்து கதிரியக்கச் சகதி ஆகும். மறுபயன்பாடும் துளையிடல் தொடரும் வரைதான். கடைசிக் கிணறு முடிந்ததும் நீருக்குப் போக்கிடம் இல்லை.

அதிர்வுமானி

அந்தப் போக்கிடம் பல ஊர்களில் ஆழ்கிணறு. நிலநடுக்கக் கதை அங்கே தொடங்குகிறது.

ஓக்லஹோமாவில் 2009க்கு முன் அளவு 3ஐத் தாண்டும் நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு. 2015இல் சுமார் 900. 2016 செப்டம்பரில் பானி நகர் அருகே 5.8. பெரும்பகுதிக்குக் காரணம் விரிசல் செய்தது அல்ல, கழிவு உப்புநீரை அர்பக்கிள் என்ற ஆழப் படுகையில் ஆண்டுக்கணக்கில் செலுத்தியது. அந்தப் படுகை அடித்தளப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. நீரழுத்தம் பழைய பிளவுகளுக்குள் பரவி, அவற்றை இறுக்கிப் பிடித்திருந்த விசையைக் குறைத்துவிட்டது. செலுத்தும் அளவைக் குறைக்கச் சொன்ன பிறகு நடுக்கங்களும் குறைந்தன. அந்த நீரில் பெரும்பங்கு ஷேலிலிருந்து வந்ததே அல்ல, எண்ணெயோடு வந்த பழைய உப்புநீர் என்பதையும் சொல்ல வேண்டும்.

விரிசல் வேலையே நேரடியாக உண்டாக்கியதற்கு இங்கிலாந்து உதாரணம். பிளாக்பூல் அருகே பிரீஸ் ஹாலில் 2011 ஏப்ரலில் 2.3. பிரெஸ்டன் நியூ ரோட்டில் 2019 ஆகஸ்டில் 2.9. அந்த ஆண்டு நவம்பரிலேயே இங்கிலாந்தில் தடை வந்தது. அங்கே இருந்த போக்குவரத்து விளக்கு முறையில், நடுக்கம் 0.5ஐத் தாண்டினால் சிவப்பு, பம்ப் நிற்க வேண்டும். அந்த அளவு யார் காலுக்கும் தெரியாது. சிக்கல் என்னவென்றால் பெரிய நடுக்கம் பம்பை நிறுத்திய பிறகும் வரும். 2.9 வந்தபோது பம்ப் ஓடவில்லை.

2.3 சின்னது என்று தள்ளுபவர்களுக்கு ஒன்று. பிரீஸ் ஹாலில் கீழே கேசிங் குழாய் நசுங்கி உருமாறியிருந்தது. சிமென்ட்காரர் மேலே சொன்ன வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மீத்தேன் கணக்கர்

கேள்விக்குறி நிலக்கரி ஒப்பீடு கேட்டிருந்தார். கணக்கைப் போட்டே காட்டுகிறேன், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு, 50 மெகாஜூல் வெப்பம். 55 சதவீதத் திறனுள்ள கூட்டுச் சுழற்சி நிலையத்தில் (வாயுச் சுழலியின் மிச்ச வெப்பத்தில் நீராவிச் சுழலியையும் ஓட்டுவது) அது 7.6 யூனிட். யூனிட்டுக்கு 0.36 கிலோ. நிலக்கரியில் 36 சதவீதத் திறன் என்றால் யூனிட்டுக்கு 0.95 கிலோ. வித்தியாசம் 0.59. புகைபோக்கியில் மட்டும் பார்த்தால் வாயு அமோக வெற்றி. கந்தகம், பாதரசம், சாம்பல் கிட்டத்தட்ட இல்லை என்பதும் நிஜமான லாபம், அதில் எனக்கு மறுப்பில்லை.

இப்போது கசிவு. மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 82 மடங்குக்குச் சற்று மேல் சூடாக்கும்; 100 ஆண்டுக் கணக்கில் 30 மடங்கு. 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அமெரிக்க எரிவாயுத் துறையின் கசிவை உற்பத்தியில் 2.3 சதவீதம் என்று கணித்தது. அரசுக் கணக்கை விட 60 சதவீதம் கூடுதல். 20 ஆண்டுக் கணக்கில் அது யூனிட்டுக்கு 0.25 கிலோவைச் சேர்க்கிறது. 0.36 என்பது 0.61 ஆகிறது. நிலக்கரியை விடக் குறைவுதான், ஆனால் லாபத்தில் பாதிக்கு நெருக்கம் போயிற்று. கசிவு 5 சதவீதத்தைத் தொட்டால் இரண்டும் சமம்.

பாறைக்கண்

கணக்கில் சுரங்கத்திலிருந்து வரும் மீத்தேனை நிலக்கரிக்குச் சேர்க்கவில்லையே? அதைச் சேர்த்தால் சமநிலைக் கோடு இன்னும் மேலே போகும்.

மீத்தேன் கணக்கர்

சரிதான், சேர்க்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 55 சதவீதம் என்பது நல்ல நிலையம். உச்ச நேரத்துக்கு மட்டும் ஓடும் தனிச் சுழலி 38 சதவீதம்தான் தரும். அதில் கணக்கைப் போட்டால் 2.7 சதவீதக் கசிவிலேயே சமம் வந்துவிடும். எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்பினால் அந்த எரிசக்திச் செலவும் சேரும். ஒரே வாயு, போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து நல்லதும் கெட்டதும்.

கசிவு எங்கே என்பதுதான் நல்ல செய்தி. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. ஏறக்குறைய 5 சதவீத மூலங்கள் பாதிக்கு மேல் கசியவிடுகின்றன. தொட்டி மேல் மூடியை ஆள் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் போயிருப்பார். வேண்டாத வாயுவை எரித்துவிடும் தீச்சுடர் அணைந்து, வாயு எரியாமல் போய்க்கொண்டிருக்கும். அணையாத சுடருக்கு 98 சதவீதம் எரிகிறது என்று எழுதுவார்கள். விமானத்திலிருந்து அளந்தவர்கள் 2022இல் வெளியிட்டது, அணைந்தவற்றையும் சேர்த்து 91 சதவீதம். வாயு அழுத்தத்தால் இயங்கும் வால்வுக் கட்டுப்பாடுகள் ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் மீத்தேனை வெளியே விடும்படியே வடிவமைத்தவை. அதை மின்சாரத்துக்கோ அழுத்தக் காற்றுக்கோ மாற்றினால் அந்தக் கசிவு பூஜ்யம். அகச்சிவப்புக் கேமராவை எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தளத்தையும் சுற்றினால் பெரிய கசிவுகள் சிக்கும். கிணறு சுத்தமாகும் முதல் நாட்களில் வாயுவைக் காற்றில் விடாமல் பிரித்துக் குழாயில் அனுப்பும் முறை அமெரிக்காவில் 2015 முதல் கட்டாயம். விற்கக்கூடிய சரக்கு என்பதால் செலவில் ஒரு பகுதி திரும்பியும் வரும்.

கேள்விக்குறி

நன்மைப் பக்கம் யாரும் அதிகம் எழுதவில்லையே?

பாறைக்கண்

இருக்கிறது. 2005 வாக்கில் அமெரிக்க மின்சாரத்தில் பாதி நிலக்கரி. 2016இல் வாயு அதை முந்தியது, 2020இல் நிலக்கரியின் பங்கு ஐந்தில் ஒன்று. அந்த நாட்டின் மின்துறைக் கரிம வெளியீடு இறங்கியதில் ஷேலுக்குப் பெரிய பங்கு. வாயுவை இறக்குமதி செய்யத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நாடு 2017இல் நிகர ஏற்றுமதி நாடாகிவிட்டது. உரத்துக்கு அமோனியா, பிளாஸ்டிக்குக்கு எத்திலீன், இரண்டுக்கும் மூலப்பொருள் மலிவானது. ஒரே தளத்திலிருந்து பத்துக் கிணறு போடலாம் என்பதால் மேலே இழக்கும் நிலமும் பழைய முறையை விடக் குறைவு.

ஆனால் இந்தக் கதையை எல்லாப் பாறைக்கும் நீட்ட முடியாது. போலந்தில் 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 5.3 லட்சம் கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு அந்நாட்டின் நிலவியல் நிறுவனம், 34,600 கோடி முதல் 76,800 கோடி கன மீட்டர் வரை இருக்கலாம் என்று இறக்கியது. துளை போட்டுப் பார்த்த பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. களிமண் மிகுந்த ஷேல் உடையாது, பிசையும். மணல் முட்டுக் கொடுக்க முயன்றால் பாறைக்குள் புதைந்துவிடும். குவார்ட்சும் சுண்ணாம்பும் மிகுந்து, மொறுமொறுப்பாக இருக்கும் பாறைதான் பயன்படும்.

மேலும் முதல் ஆண்டிலேயே உற்பத்தி 60, 70 சதவீதம் விழும். அளவைத் தக்க வைக்க ஓயாமல் புதுக் கிணறு போட வேண்டும். மேலே சொன்ன தண்ணீர், லாரி, சிமென்ட் எல்லாம் ஒருதடவைச் செலவு அல்ல.

சிமென்ட்காரர்

கடைசியில் அந்தக் கிணறுகளை மூடவும் வேண்டும். அதற்கான வைப்புத்தொகையைத் துளையிடும் முன்பே நிறுவனத்திடம் வாங்காவிட்டால், வாயு தீர்ந்த கிணற்றைச் சின்ன நிறுவனத்துக்கு விற்று, அது திவாலாகி, மூடும் செலவு மக்கள் தலையில் விழும்.

கேள்விக்குறி

ஒரே ஒரு கேள்வி. ஒரு பகுதியில் துளையிடப் போகிறார்கள் என்றால், அங்கே கிணறு வைத்திருப்பவர்கள் முன்கூட்டி என்ன அளந்து வைக்க வேண்டும்?

தேன்மதி

துளையிடும் இயந்திரம் வருவதற்கு முன்பே, மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாக் கிணறுகளிலும். முன் அளவு இல்லாவிட்டால் "உங்கள் கிணற்றில் முன்பே மீத்தேன் இருந்தது" என்ற வாதத்தை உடைக்க வழியில்லை. பல ஊர்களில் உண்மையாகவே இருந்திருக்கிறது, சதுப்பு மண்ணில் நுண்ணுயிர் உண்டாக்கியது.

கரைந்த மீத்தேனுக்கு மாதிரி எடுக்கும்போது குழாயை நீரோடு குப்பியின் அடிவரை விட்டு, வழிந்து ஓடவிட்டு, நீருக்கடியிலேயே மூடியைத் திருகுங்கள். மேலே காற்றுக் குமிழ் நின்றால் மீத்தேன் அதற்குள் ஓடிவிடும், அளவு குறைத்துக் காட்டும். பம்ப் சில நிமிடமாவது ஓடிய பிறகே எடுங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. 28 என்றால் நீர் தாங்கும் எல்லை. கிணற்று மூடிக்கு அடியில் வாயு சேரும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். மூடிக்குக் காற்றுப்போக்கி போட்டுவிடுங்கள்.

அளவு மட்டும் போதாது, எங்கிருந்து வந்தது என்பதும் வேண்டும். ஈத்தேன் இருக்கிறதா பாருங்கள். நுண்ணுயிர் மீத்தேனில் அது ஏறக்குறைய இருக்காது, ஆழத்து வாயுவில் இருக்கும். மீத்தேனின் கார்பன்-13 விகிதம் (தர அளவிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்று ஆய்வகம் தரும் எண்) மைனஸ் 60க்குக் கீழே என்றால் நுண்ணுயிர், மைனஸ் 50க்கு மேலே என்றால் வெப்பத்தில் உருவான ஆழத்து வாயு. இடையில் வந்தால் கலப்பு, ஈத்தேன் அளவோடு சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உப்புக்குக் குளோரைடு, புரோமைடு, பேரியம், ஸ்ட்ரான்சியம். குளோரைடு மட்டும் ஏறினால் கழிவுநீரோ சாலை உப்போ ஆக இருக்கலாம், புரோமைடும் பேரியமும் சேர்ந்து ஏறினால் ஆழத்து உப்புநீர் என்று சந்தேகப்படலாம். மாதிரி எடுத்த நேரம், கிணற்று ஆழம், நீர்மட்டம், குப்பியைக் கை மாற்றியவர்களின் கையொப்பம் எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். அந்தக் கையொப்பச் சங்கிலி அறுந்தால் ஆய்வக அறிக்கையை எதிர்த் தரப்பு முதல் நாளிலேயே தூக்கிப் போட்டுவிடும்.

சிமென்ட்காரர்

அதோடு நிறுவனத்திடம் இரண்டு காகிதம் கேட்டு வாங்குங்கள்: சர்ஃபேஸ் கேசிங்கின் சிமென்ட் பிணைப்பு அளவீடு (சிமென்ட் குழாயோடு ஒட்டியிருக்கிறதா என்று காட்டுவது), கேசிங் இடைவெளி அழுத்தத்தின் மாதாந்திரப் பதிவு. பிணைப்பு அளவீட்டை அழுத்தம் ஏற்றியும் ஏற்றாமலும் இரண்டு முறை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏற்றியதில் மட்டும் நன்றாக வந்திருந்தால் அந்த முடியளவு இடைவெளி அங்கே இருக்கிறது.